அம்மாவின் சோத்துக் கை

குதிரைப் பந்தயம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு தூக்குவாளிதான். குதிரை ஞாபகம் வராது. அன்று மத்தியானம் ஓடிய குதிரைகளில் ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. அவை சென்னையிலோ பெங்களூரிலோ ஓடின. நாங்கள் விருதுநகரில், மிளகாய் வத்தல் குடோன்கள் இருக்கிற ஒரு சந்தில், ஷட்டர் இறக்கிய கடைக்குள் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தோம்.

அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இத்தனை வருடமாகியும் ஆறாத கோபம் உடம்புக்கு ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சொல்வார், சொல்லாமல் என்ன. அன்றைக்கு நடந்ததில் பாதி அவர் செய்த காரியம்.

முதலில் அம்மாவின் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா வெடிக்குத் திரி வைக்கிற வேலை பார்த்தாள். நான் பிறப்பதற்கு முன்பே போக ஆரம்பித்தவள். அவள் உட்கார்ந்த ரூமில் ஒருநாள்கூடத் தீப்பிடித்ததில்லை. பக்கத்து ரூம்களில் பிடித்திருக்கிறது, ஆள் போயிருக்கிறது. அம்மாவின் ரூமில் இல்லை. அதனால் கம்பெனியில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பேர். ஈரச் சாக்கைத் தரையில் விரிக்காமல் அவள் உட்கார மாட்டாள். கூட இருக்கிறவள் டப்பாவைத் தரையில் இழுத்தால் கண்டபடி திட்டுவாள். ஆர்டர் அவசரம் என்று யார் வந்து கத்தினாலும் அவள் கை அவசரப்படாது. இதற்கெல்லாம் பேர் ராசியா? ஆனால் அப்படிச் சொன்னால்தான் அவர்களுக்கு வசதி. ராசிக்குக் கூலி உயர்த்தித் தர வேண்டியதில்லை பாருங்கள்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியைச் சில வாரம் மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கிற அன்று பூசை நடக்கும். சூடம் காட்டி முடித்ததும் அந்த வருடத்தின் முதல் வெடிக்கு முதல் திரியை வைப்பது அம்மாதான். அப்பா இறந்த பிறகு ஊரில் ஒரு சடங்கு வீட்டில், ஒரு வளைகாப்பில் அம்மாவை முன்னால் நிற்க விட்டதில்லை. அவளாகவே ஒதுங்கிக் கடைசியில் போய் நின்றுகொள்வாள். அப்படிப்பட்டவளைக் கம்பெனியில் மட்டும் முதலாளியே, “அக்காவைக் கூப்பிடுங்கப்பா” என்பார். வருடத்தில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் அம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டுவாள்.

எனக்கு ஒரே தம்பி. சென்னையில் ஒரு மளிகைக் கடையில் நின்றான். எங்கள் பக்கத்துப் பையன்கள் பட்டாசுக்குப் பயந்து மளிகைக் கடைக்குப் போவார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் லீவு கிடையாது. அவன் ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. லாட்டரிச் சீட்டை அரசாங்கம் நிறுத்திய வருடத்துத் தீபாவளிக்கும் அவன் வரவில்லை. தீபாவளி முடிந்து சில நாளில் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணினான். கடைக்காரர் திருவனந்தபுரத்தில் புதுக்கடை போடுகிறாராம், இவனையும் சரக்கையும் சேர்த்து ரயிலில் கூட்டிப் போகிறாராம்.

“எறங்க விட மாட்டாரும்மா. ஆனா வண்டி விருதுநகர்ல நிக்கும். சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல. நீ பிளாட்பாரத்துக்கு வந்துரு. நான் வாசப்படியிலயே நிப்பேன்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மா தரையில் நிற்கவில்லை. முட்டைக்கு என்று வளர்த்த கோழியை அடித்தாள். குழம்பு வைத்து, இட்லி அவித்து, அடுக்குத் தூக்குவாளியில் போட்டு, ரயில் புறப்படுவதற்குள் ஒரு வாயாவது தன் கையால் ஊட்டிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபது வயது ஆம்பளைப் பையனைப் பிளாட்பாரத்தில் வைத்து ஊட்டப் போகிறாயா, நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று நான் கேலி செய்தேன். “சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக” என்றாள்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரரும் போர்மேனும் உள்ளே வருகிறார்கள். போர்மேன் என்றால் கம்பெனியில் எங்களுக்குச் சாமி மாதிரி. யாருக்கு எந்த ரூம், யாருக்கு நல்ல வேலை, யாருக்கு மருந்துத் தூள் பறக்கிற வேலை, எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிற வேலையில் இருந்தார். போர்மேன் தும்மினால் இவர் துண்டை நீட்டுகிற ரகம். ரயில் வருகிற அன்று காலை அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, “நாங்களும் இன்னைக்கு விருதுநகருக்குத்தான் போறோம். அத்தையையும் கூட்டிட்டுப் போயிருவோம். ஸ்டேசனுக்குப் பக்கத்துலதான் போர்மேனுக்குத் தெரிஞ்சவுக கடை இருக்கு. வெயில்ல ஏன் நிக்கணும், அங்கன ஒக்காந்துட்டு நேரத்துக்குப் போயிரலாம்” என்றார். மாமியார் மேல் திடீரென்று வந்த இந்தப் பாசத்தை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பஸ் டிக்கெட்டைப் போர்மேனே எடுத்தார். அம்மாவுக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

தெரிந்தவர் கடை என்பது அந்த வருடம் பொங்கல் வரைக்கும் லாட்டரிக் கடை. சுவரில் பம்பர் குலுக்கல் போஸ்டர் இன்னும் கிழியாமல் இருந்தது, எங்கள் சிவகாசியில் அச்சடித்ததுதான். சீட்டு போய்விட்டதால் கடைக்காரர் ரேஸுக்கு மாறிவிட்டார். மேசையில் ஒரு போன், பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்த குதிரைப் பட்டியல், சுற்றி ஏழெட்டு ஆம்பளைகள். பந்தயம் முடிந்ததும் எந்தக் குதிரை ஜெயித்தது என்று போனில் சேதி வரும். நாங்கள் உள்ளே போனதும் வெளியில் நின்ற ஆள் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினான். நானும் அம்மாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தூக்குவாளியை அம்மா மடியில் வைத்திருந்தாள்.

போர்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் பூவும் குங்குமமும். சின்னச் சின்னத் தாளில் குதிரைகளின் நம்பரை எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பூவிதழை வைத்து மடித்தார். கல்யாணத்துக்கு, வீடு கட்டுவதற்கு அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்போமே, அப்படி. குலுக்கி அம்மாவின் முன்னால் கொட்டினார்.

“அக்கா, ஆத்தாள நெனச்சு ஒண்ணு எடுங்க. கம்பெனிய வாழ வைக்கிற கை. எங்களையும் கொஞ்சம் வாழ வைக்கட்டும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ் டிக்கெட் எதற்கு என்றும் புரிந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதேய்யா” என்றாள் அம்மா.

“தெரிய வேண்டாம். எடுத்தாப் போதும். ரயிலுக்கு இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்கு.”

ரூம் போடுகிற ஆள் கேட்கிறார், அம்மா எப்படி மாட்டேன் என்பாள்? கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அந்த நம்பர் குதிரை ஜெயித்துவிட்டது.

அதன் பிறகு அந்தக் கடைக்குள் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. முன்பின் தெரியாத ஆம்பளைகள் அம்மாவைக் கும்பிட்டார்கள். ஒருவர் ஓடிப் போய்க் கலர் சோடா வாங்கி வந்தார். தங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் இவர்களே அம்மாவைப் பந்தியின் கடைசியில்தான் உட்கார வைத்திருப்பார்கள். ஒரு குதிரை ஜெயித்ததும் தாலியில்லாதவள் கை என்பது எல்லாருக்கும் மறந்து போனது. ஆசை வெட்கமறியாது என்பார்கள், அன்று நேரில் பார்த்தேன்.

அம்மா எழுந்தாள். “சரிய்யா, நாங்க ஸ்டேசனுக்குப் போறோம். அங்கன ஒக்காந்துக்கிறோம்.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா.”

மறுபடி தாள், மறுபடி பூ. அம்மா என் காதோரம் குனிந்து, “ஏத்தா, பீச்சாங்கையால எடுத்தா வெளங்காதுல்ல? தோத்துட்டா விட்டுருவாக” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தோற்றால் விடுவார்கள் என்று நம்பித் தோற்பதற்காக எடுத்தாள், பாவம். இடது கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது போர்மேன் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

“எந்தக் கையா இருந்தா என்னக்கா, ராசி ராசிதான்.”

அதுவும் ஜெயித்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “கழுத, அதுவும்ல ஜெயிச்சிருச்சு” என்றாள்.

மூன்றாவதில் தோற்றார்கள். இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். அதுதான் எங்கள் மடத்தனம். ஜெயித்தால், கை ராசியாக இருக்கிறது, இன்னொன்று எடு என்றார்கள். தோற்றால், விட்டதைப் பிடிக்க வேண்டும், இன்னொன்று எடு என்றார்கள். குதிரை எப்படி ஓடினாலும் அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியாது. சூதாட்டம் என்றால் என்ன என்று எனக்கு அந்தப் பெஞ்சில்தான் விளங்கியது. ஆடுகிறவன் தோற்பதெல்லாம் பெரிதில்லை. ஆடாதவளைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாலாவதும் தோற்றது. மணி நாலரை தாண்டியிருந்தது. நான் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். போர்மேன் வெளியில் நின்றவனுக்கு, “ஏலே” என்று ஒரு சத்தம் கொடுத்தார். ஷட்டர் தடதடவென்று முழுசாக இறங்கியது. வெளியிலிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது.

“பஜார்ல போலீஸ் ஜீப் நிக்கிதாம். ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது. பொம்பளைக வேற இருக்கீக, மாட்டினா ஊரே நாறிப் போயிரும்” என்றார் போர்மேன்.

நான் கேட்கவில்லை. தூக்குவாளியின் மூடியைக் கழற்றி ஷட்டரில் ஓங்கி அடித்தேன். இரண்டு அடிதான் அடித்திருப்பேன். என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தார்.

“ஏ புள்ள, எல்லாரையும் உள்ள வச்சிருவாக. கொஞ்ச நேரம் பொறு.”

“எந்தம்பி போயிருவான்.”

“போனா என்ன, அடுத்த தடவ பாத்துக்கிறலாம்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருக்கு மூன்று வேளை சோறு போடுகிறேன், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைக்கிறேன், மன்னிக்க மட்டும் மாட்டேன்.

போர்மேன் ஐந்தாவது பந்தயத்துக்குத் தாள் மடித்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கொட்டிய தாள்களில் ஒன்றைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள். அந்த நேரத்தில் ரயில் கூவியது. விருதுநகரில் பகலெல்லாம் ரயில் கூவிக்கொண்டுதான் இருக்கும், அது எந்த வண்டி என்று யாருக்குத் தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அம்மா தேற்றிக்கொள்ளவில்லை. வண்டி வந்து நின்றது, நின்றுகொண்டிருக்கிறது, இப்போது புறப்படுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை கூவியதும் சேலைத் தலைப்பால் தூக்குவாளியை மூடினாள். ஐந்தாவது குதிரையும் தோற்றது.

பிறகுதான் ஷட்டர் திறந்தது. ஸ்டேஷனுக்கு நடந்தோம். நான் ஓடினேன், அம்மா ஓடவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு போர்ட்டரையும் இரண்டு நாய்களையும் தவிர யாரும் இல்லை. வண்டி போய் அரை மணி ஆகிறது என்று போர்ட்டர் சொன்னார். அம்மா தண்டவாளத்தைத் தெற்குப் பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலேயே போர்மேனும் என் வீட்டுக்காரரும் வந்தார்கள். மொத்தப் பணத்தையும் விட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிடவும் இல்லை. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் கண் எங்கே இருந்தது தெரியுமா? தூக்குவாளியில்.

“அத்தே, கோழிக்கொழம்பு பொழுதுக்கும் தாங்காதுல்ல” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தூக்குவாளியைப் பிரித்துவிட்டாள். இட்லியை எடுத்து மூடியில் ஒருவருக்கும் கீழ்த்தட்டில் ஒருவருக்கும் வைத்து, குழம்பை ஊற்றி, தொடைக்கறியைப் பார்த்து எடுத்து வைத்தாள். வலது கையால், பொறுமையாக, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி வைத்தாள். அவர்களும் சாப்பிட்டார்கள். போர்மேன் விரலைச் சூப்பிவிட்டு, “கைப்பக்குவம்னா இதுதான்க்கா” என்றார். ‘ஏம்மா குடுத்தே, நாய்க்குப் போட்டிருக்கலாமே’ என்று பஸ்ஸில் நான் அழுதேன். “பசின்னு ஒக்காந்துட்டாகளே, என்ன செய்யச் சொல்ற” என்றாள். அவளிடமும் எனக்கு அன்றைக்குக் கோபம்தான்.

நாலு நாள் கழித்துத் தம்பி போன் பண்ணினான். வண்டி நின்றதும் பிளாட்பாரத்தில் இறங்கி, நின்ற பொம்பளைகளையெல்லாம் முகம் பார்த்து நடந்தானாம். வண்டி நகர்ந்த பிறகு ஓடிப் போய் ஏறினானாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு, “பரவால்லம்மா, கூட்டத்துல நீ நின்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்று அம்மாவைத் தேற்றினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்து நடக்க முடிந்த பிளாட்பாரத்தில் என்ன கூட்டம் இருந்திருக்கும்? அம்மா, “ஆமாய்யா, ஒரே கூட்டம்” என்றாள்.

ஜீப் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று பஜாரில் ஜீப்பும் இல்லை, போலீசும் இல்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் என் வீட்டுக்காரர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாம்பார் வாளியோடு அவர் பின்னால் நின்றேன். அவர் தலையில் கொட்டாமல் இலையில் ஊற்றினேனே, அதற்கு அவர் எனக்குக் கோயில் கட்ட வேண்டும்.

விருதுநகர் போய் வந்த அடுத்த வாரம் கம்பெனி திறந்தது. நானும் அப்போது அங்கேதான் வேலை பார்த்தேன். பூசை முடிந்து, சூடம் அணைந்து, எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு நின்றோம். மேசை மேல் வாழையிலையில் ஒரே ஒரு வெடியும் ஒரு திரியும். முதலாளி வழக்கம்போல, “அக்காவைக் கூப்பிடுங்கப்பா” என்றார். போர்மேன் பல்லெல்லாம் தெரிய, “வாங்கக்கா, வாங்க” என்றார்.

அம்மா அந்த வருடம் நல்ல சேலை கட்டவில்லை. தினம் கட்டுகிற சேலையில் வந்தாள். மேசை முன்னால் போய் நின்று இடது கையை நீட்டினாள்.

மருந்தோடு பிழைக்கிற சனங்கள் நாங்கள். வருடத்தின் முதல் திரியைப் பீச்சாங்கையால் வைப்பதை நாங்கள் நினைத்துப் பார்க்கவும் மாட்டோம். அம்மா திரியைத் தொடவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, சோத்துக் கைய நீட்டுங்க” என்றார் போர்மேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

“எந்தக் கையா இருந்தா என்ன, ராசி ராசிதான்னு நீங்கதான சொன்னீக.”

முதலாளி போர்மேனைத் திரும்பிப் பார்த்தார். “எப்பச் சொன்னே?”

போர்மேன் மேசையிலிருந்த வாழையிலையை நேராக்கினார். சொல்ல வேண்டும் என்றால் விருதுநகரைச் சொல்ல வேண்டும், ரேஸைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் லோடுமேன்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு தரையில் எதையோ தேடினார். நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சோத்துக் கைக்கு என்னாச்சுக்கா?” என்று முதலாளி அம்மாவிடம் கேட்டார்.

“எம்மவனுக்கு ஒரு வாய் ஊட்டணும்னு வச்சிருந்தேன் முதலாளி. இவுக ஒக்காந்து தின்னுட்டாக.”

சொல்லிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு விலகினாள். வேறு ஒருத்தியைக் கூப்பிட்டுத் திரி வைக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் எந்த வருடமும் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவள் தன் ரூமுக்குப் போய், சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தரையில் விரித்து, வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள்.